கேட்டா: கடல் தின்ற ஊரும் கரையைக் காக்க எடுத்த முடிவுகளும்

## எதைப் பற்றிய பதிவு

கானா நாட்டின் தென்கிழக்கு மூலையில், வோல்டா ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கிழக்கே கேட்டா நகரம் இருக்கிறது. எவே மொழி பேசும் அன்லோ மக்களின் ஊர். நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் இந்த ஊரை அரித்துக்கொண்டே வந்தது. வீடு, கடை, சாலை, சந்தை, கோட்டை என்று ஒவ்வொன்றாகப் போயின. 2004-ல் பெரும் செலவில் கட்டி முடித்த தடுப்பு வேலைகள் மிச்சமிருந்த நகரத்தைக் காப்பாற்றின. ஆனால் அதே கரையில் கிழக்கே உள்ள சின்னச் சின்ன மீனவக் கிராமங்களில் அரிப்பு நிற்கவில்லை. சில இடங்களில் முன்பைவிட வேகமாகவே நடந்தது.

அந்த முடிவுகள் எந்தச் சூழலில் எடுக்கப்பட்டன, ஏன் எடுக்கப்பட்டன, பிறகு என்ன ஆனது என்பதே இந்தப் பதிவு. ஊர் மக்கள், அதிகாரிகள், பொறியாளர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டாவைப் பற்றிப் பேசும் பலர், "அணை கட்டினார்கள், ஊர் அழிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். வோல்டா ஆற்றில் 1965-ல் முடிந்த அகோசோம்போ அணைதான் அவர்கள் சொல்லும் அணை. அது வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அங்கே வீடுகள் விழத் தொடங்கியிருந்தன. மீதிப் பாதியைச் சேர்த்துப் பார்த்தால்தான் பின்னால் எடுத்த முடிவுகளின் நல்லதும் கெட்டதும் விளங்கும்.

## இடமும் மக்களும்

வரைபடத்தில் பார்த்தால் இந்த ஊர் எவ்வளவு மெல்லிய தரையில் நிற்கிறது என்பது தெரியும். தெற்கே கினி வளைகுடா. வடக்கே கேட்டா உப்பங்கழி. சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பு, கானாவிலேயே பெரியது. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டின் மேல்தான் அன்லோகா, ஜெலுகோபே, கேட்டா, வோஜா, கெஜி என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. திட்டு சில இடங்களில் அகலமாக இருக்கும். கேட்டா பக்கம் வரும்போது சில நூறு மீட்டர்தான். கடல் அலைச் சத்தம் ஒரு காதில், உப்பங்கழித் தண்ணீர் மறுபக்கம் கண்ணெதிரே.

அன்லோ மக்கள் இன்றைய டோகோ நாட்டில் உள்ள நொட்சே என்ற ஊரிலிருந்து, அங்கிருந்த கொடுங்கோல் அரசனிடமிருந்து தப்பி வந்தவர்கள் என்பது அவர்கள் வாய்வழி வரலாறு. காலடித் தடத்தை வைத்துத் துரத்தி வருபவர்களை ஏமாற்றப் பின்பக்கமாக நடந்து வெளியேறினார்களாம். அந்த வெளியேற்றத்தை நினைத்து ஒவ்வொரு நவம்பரிலும் அன்லோகாவில் ஹோக்பெட்சோட்சோ திருவிழா நடக்கிறது. கடலைக் கண்டு வந்தவர்கள் அல்ல அவர்கள். உள்நாட்டிலிருந்து வந்து, முதலில் உப்பங்கழியோடுதான் பழகினார்கள். கழியில் மீனும் நண்டும் கிடைத்தன. வெயில் காலத்தில் கழி வற்றினால் உப்பு விளைந்தது. அந்த உப்பு படகேறி வோல்டா ஆற்று வழியாக உள்நாட்டுக்குப் போனது. கொந்தளிக்கும் கடலுக்குள் இறங்கும் பழக்கம் பிறகுதான் வந்தது.

கரைக்கு ஐரோப்பியர் வந்த கதை நீளமானது. 1784-ல் அன்லோ மக்களோடு நடந்த போரில் வென்ற டேனிஷ்காரர்கள் கேட்டாவில் பிரின்சன்ஸ்டைன் கோட்டையைக் கட்டினார்கள். அடிமை வணிகம் அந்தக் கோட்டை வழியாக நடந்தது. 1850-ல் டென்மார்க் தன் கோட்டைகளைப் பிரிட்டனுக்கு விற்றது. 1853-ல் ஜெர்மனியின் பிரெமன் மிஷன் கேட்டாவுக்கு வந்து பள்ளியும் தேவாலயமும் நடத்தியது. 1874 முதல் ஊர் பிரிட்டிஷ் கோல்ட் கோஸ்ட் காலனிக்குள் வந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை கூடும் கேட்டா சந்தைக்குக் கழியைக் கடந்து படகுகளில் ஆட்கள் வருவார்கள். கடல் பக்கம் கப்பல், கழி பக்கம் படகு. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் இந்த ஒல்லியான மணல் மேல் ஒரு வணிக நகரம் வளர்ந்தது. அந்த ஒல்லித்தனமே பின்னால் அதற்கு வினையானது.

## கரைவலையும் வெங்காயப் பாத்தியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அன்லோ கரைக்குப் பெரிய கரைவலை வந்தது. ஐரோப்பியர் வழியாக வந்த வலை அது. ஒரு படகு வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, அலையைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே சுற்றி வந்து மறு முனைக் கயிற்றைத் தள்ளி வேறோர் இடத்தில் கரை சேர்க்கும். பிறகு இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். ஆண், பெண், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் கயிற்றில் கை வைப்பார்கள். ஒருவர் பாட்டு எடுக்க மற்றவர்கள் அடி போட்டுப் பின்னால் சாய்வார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். கடைசியில் மடி கரையேறும்போது மணிக்கணக்கு ஆகியிருக்கும். கிடைத்ததில் வலைக்கு, படகுக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரியும். மீனை வாங்கிப் புகை போட்டு, காய வைத்து, சந்தைக்குக் கொண்டுபோவது பெண்கள் கையில் இருந்தது. பல பெண்கள் வலைக்கு முதல் போட்டவர்களும்கூட.

முக்கியமாகக் கிடைத்தது நெத்திலி. கானா முழுக்க இன்றும் நெத்திலிக் கருவாட்டைக் 'கேட்டாப் பள்ளிப் பையன்கள்' என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆழ்கடலின் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அதோடு மீனும் கரையை ஒட்டி வரும். அதுதான் பெரிய பருவம்.

இந்த வலைத் தொழிலுக்கு இரண்டு விளைவுகள் இருந்தன. ஒன்று, அன்லோ மீனவர்கள் கம்பெனி கம்பெனியாகப் படகும் வலையும் குடும்பமுமாகக் கரை நெடுகப் பரவினார்கள். மேற்கே சியரா லியோன் முதல் தெற்கே காங்கோ வரை அவர்கள் குடில் போட்டு மீன் பிடித்த கரைகள் உண்டு. சொந்தக் கரையில் மீனோ நிலமோ குறைந்தால் இன்னொரு கரைக்குப் போகலாம் என்ற வழி திறந்திருந்தது. இரண்டு, சம்பாதித்த பணம் ஊருக்குத் திரும்பி வந்து கல் வீடாக, மாடி வீடாக மாறியது. பழைய மண் குடிசையை அலை கொண்டுபோனால் நாலு அடி தள்ளி இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். சிமெண்டு வீட்டை அப்படிச் செய்ய முடியாது. கடல் அரிப்பு ஒரு பேரிழப்பாக மாறியதில் இந்த மாற்றத்துக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்லோகா பக்கம் இன்னொரு வாழ்வு. அங்கே சின்ன வெங்காயம்தான் விளைச்சல். நிலம் அவ்வளவு குறைவு என்பதால் ஏக்கர் கணக்கு கிடையாது, பாத்தி கணக்குதான். மணலை மேடாக்கி நீள்சதுரப் பாத்தி போடுவார்கள். வௌவால் எச்சம், மாட்டுச் சாணம், கழிவு மீன் என்று கிடைத்த உரத்தையெல்லாம் அதில் கலப்பார்கள். பக்கத்திலேயே ஆழமில்லாத கிணறு. கையால் தண்ணீர் மொண்டு ஊற்றி வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுத்தார்கள். அவசரத்துக்குப் பாத்தியை அடகு வைப்பதும் சாதாரணம். உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கும் நல்ல தண்ணீரை நம்பித்தான் இந்த வெள்ளாமை முழுவதும்.

கடல், கழி, பாத்தி, வெளியூர்க் கரை என்று நான்கு கால்களில் நின்ற வாழ்வு இது. ஒன்று சறுக்கினால் மற்றதைப் பிடித்துக்கொள்வார்கள்.

## கவனிக்கப்பட்டது: 1900 முதல் 1950 வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கேட்டாவில் கடல் உள்ளே வருவது பதிவாகிவிட்டது. ஒரே சீராக நடக்கவில்லை. சில ஆண்டுகள் கடல் அமைதியாக இருக்கும். சில ஆண்டுகள் மணலைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும். அப்புறம் ஒரே பருவத்தில் ஒரு தெருவே போய்விடும். அந்த இடைவெளிகள்தான் ஆபத்தானவை. அமைதியான ஆண்டுகளில் ஊரும் அரசும் நம்பிக்கையோடு தள்ளிப்போட்டன.

காரணம் என்ன என்பதில் அன்றே இரண்டு குரல்கள். பழைய தெய்வங்களுக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டோம், அதனால்தான் கடல் சீறுகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் பலர் சொன்னார்கள். சடங்குகளும் நடந்தன. படித்தவர்களும் வணிகர்களும் அரசிடம் சுவர் கேட்டார்கள். இந்த இரண்டையும் மூடநம்பிக்கை, அறிவியல் என்று எதிரெதிராக நிறுத்துவது சரியல்ல. சடங்கு கேட்டவர்கள், கரை ஒரு பொதுச் சொத்து, அதற்கு ஊர் முழுவதும் சேர்ந்து பொறுப்பு என்று சொன்னார்கள். அந்தப் பகுதி பின்னால் வந்த பொறியியல் திட்டங்களில் காணாமல் போனது.

காலனி அரசு பெரிய செலவுக்கு இறங்கவில்லை. கேட்டாவின் வணிகம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. கிழக்கே, இன்றைய டோகோவின் தலைநகரான லோமே வளர்ந்துவிட்டது. 1928-ல் டகோராடியில் ஆழ்கடல் துறைமுகம் திறந்த பிறகு கப்பல்கள் அங்கே போயின. வருமானம் குறைந்த ஓர் ஊருக்குச் சுவர் கட்டப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இயற்கையின் பக்கம் நடந்தது இது. கினி வளைகுடாவில் அலைகள் தென்மேற்கிலிருந்து சாய்ந்து வந்து கரையில் மோதுகின்றன. அதனால் மணல் கரையோரமாக மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் நகர்கிறது. கிழக்கே பெனின் வரை நீளும் இந்தக் கரையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் கன மீட்டர் வரை மணல் இப்படி நகர்வதாக மதிப்பீடுகள் உண்டு. உலகிலேயே பெரிய மணல் ஓட்டங்களில் ஒன்று. கேட்டாவுக்கு மணல் தந்தது வோல்டா ஆறு. ஆறு கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டும். அலை அதை எடுத்துக் கிழக்கே பரப்பும். வருவதும் போவதும் சமமாக இருக்கும் வரை கரை நிற்கும். கரை வளைந்து திரும்பும் இடத்தில் கேட்டா இருப்பதால் அங்கே வருவதைவிடப் போவது அதிகம். அணைக்கு முன்பே அரிப்பு இருந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

## இரும்புச் சுவரும் அணையும்

1950-களின் நடுவில் முதல் பெரிய முயற்சி நடந்தது. கடலை நிறுத்தக் கரையில் இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்துச் சுவர் எழுப்பினார்கள். ஊருக்கு எதிரே கடல் வருகிறது, எதிரே ஒரு சுவர் போடு என்ற எளிய தர்க்கம். சுவர் நிலைக்கவில்லை. மணல் வராத கரையில் செங்குத்துச் சுவர் போட்டால் அலை அதில் மோதித் திரும்பும்போது அடிமணலையும் வாரிக்கொண்டு போகும். உப்புக்காற்றும் இரும்பைத் தின்றது.

இதே காலத்தில் ஊருக்கு வெகு தொலைவில் இன்னொரு முடிவு எடுக்கப்பட்டது. சுதந்திர கானாவின் பெருங்கனவான அகோசோம்போ அணை 1961-ல் தொடங்கி 1965-ல் முடிந்தது. மின்சாரம் வேண்டும், டெமாவில் அலுமினிய ஆலை நடக்க வேண்டும், நாடு தொழில்மயமாக வேண்டும். அந்த முடிவை இன்று உட்கார்ந்து குறை சொல்வது எளிது. அன்றைக்கு அது பெரும்பாலோர் விரும்பிய முடிவு. சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏரி விரிந்தது. சுமார் 80,000 பேர் இடம் பெயர்ந்தார்கள். 52 குடியமர்வு ஊர்கள் கட்டினார்கள்.

அணைக்கு மேலே நிலமும் வீடும் மூழ்கியவர்களைக் கணக்கெடுத்தார்கள். கீழே ஆற்றோரமும் கடலோரமும் இருந்தவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஆண்டு வெள்ளம் நின்றது. வெள்ளம் வடிந்த வண்டல் நிலத்தில் பயிர் செய்தவர்கள் அதை இழந்தார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெண்கள் மூழ்கி எடுத்த மட்டி வளம் சுருங்கியது. ஓடாத தண்ணீரில் பாசி மண்டி, நத்தை பெருகி, நத்தை வழியாகத் தொற்றும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பரவியது. கீழ் வோல்டாவின் டோங்கு எவே மீனவர்கள் பலர் ஆற்றை விட்டு, எந்த அணை தங்கள் ஆற்றைக் கெடுத்ததோ அதன் ஏரிக்கே மீன் பிடிக்கக் குடிபெயர்ந்தார்கள். கடலுக்கு வந்த மணலும் அணைக்குப் பின்னால் தங்கியது. ஏற்கெனவே கணக்கில் துண்டு விழுந்த கேட்டா கரைக்கு, வந்துகொண்டிருந்ததும் நின்றது. 1982-ல் கீழே க்போங்கில் இரண்டாவது அணையும் வந்தது.

இதே 1960-களில் 1962-ல் டெமா துறைமுகம் திறந்தது. கேட்டாவில் மிச்சமிருந்த கப்பல் வணிகமும் முடிந்தது. மழை அதிகமான ஆண்டுகளில் கழி நிரம்பிப் பின்பக்கத்திலிருந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. முன்னால் கடல், பின்னால் கழி. வெள்ளத்தை வடிக்கக் கெஜி பக்கம் மணல் திட்டை வெட்டிவிட வேண்டியிருந்தது. கழியிலிருந்து தப்பிக்க, கடலைத் தடுக்கும் திட்டையே வெட்ட வேண்டிய நிலை.

## காத்திருந்த காலம்

1960-களுக்கும் 1990-களுக்கும் நடுவே நகரம் பெரும் பகுதியை இழந்தது. சிறைச்சாலையாகப் பயன்பட்டு வந்த பிரின்சன்ஸ்டைன் கோட்டையின் ஒரு பகுதி 1980-ல் கடலில் விழுந்தது. கைதிகளை வேறிடம் மாற்றினார்கள். ஓராண்டு முன்புதான், 1979-ல், கானாவின் கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருந்தன. வணிகர் கட்டிய மாடி வீடுகள், பழைய கடைத்தெரு எல்லாம் போயின. கேட்டாவுக்கும் கெஜிக்கும் நடுவே திட்டு அறுந்து கடலோரச் சாலை துண்டிக்கப்பட்டது. எல்லை ஊரான அஃப்லாவுக்குப் போக வேண்டுமானால் படகேற வேண்டும், இல்லை கழியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இந்த ஆண்டுகளில் மக்கள் தாங்களே முடிவு எடுத்தார்கள். வசதி இருந்தவர்கள் ஜெலுகோபே பக்கம் அகலமான தரைக்கு நகர்ந்தார்கள். இளைஞர்கள் அக்ராவுக்கும் டெமாவுக்கும் போனார்கள். வலைக் கம்பெனிகள் வெளியூர்க் கரைகளிலேயே தங்கின. போக முடியாதவர்கள், பெரும்பாலும் முதியவர்களும் மீன் வேலை செய்த பெண்களும், விழாத சுவருக்குள் ஒண்டிக்கொண்டார்கள். ஒரு குடும்பம் மூன்று நான்கு முறை வீடு மாற்றியது என்பதெல்லாம் அங்கே அதிசயமான கதை இல்லை.

## 1999–2004: முடிவும் அதன் காரணங்களும்

1999-ல் கேட்டா கடல் தடுப்புத் திட்டம் கையெழுத்தானது. அமெரிக்க நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் எடுத்தது. செலவு எட்டுக் கோடி டாலருக்கு மேல். 2004-ல் வேலை முடிந்தது. திட்டம் கையெழுத்தானபோது அதிபராக இருந்த ஜெர்ரி ராலிங்ஸின் தாயாருடைய ஊர் கேட்டாவை ஒட்டிய ஜெலுகோபே.

இந்த முறை தர்க்கம் வேறு. கடலைச் சுவர் கட்டி நிறுத்துவதற்குப் பதிலாக, ஓடும் மணலைப் பிடித்து வைப்பது என்று முடிவு செய்தார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தூண்டில் வளைவுகளை வரிசையாகப் போட்டார்கள். அவற்றுக்கு நடுவே கழியிலிருந்து மணலை வாரி நிரப்பிக் கரையை அகலமாக்கினார்கள். அறுந்துபோன இடத்தில் கேட்டாவிலிருந்து கெஜி வழியாக ஹாவெஜி வரை எட்டு கிலோமீட்டருக்கு மேல் மேட்டுச் சாலை போட்டார்கள். கழி வெள்ளம் வடிய கெஜியில் மதகு வைத்தார்கள். கழியோரம் நிலத்தை மேடாக்கி, வீடு இழந்தவர்களுக்கு மனை ஒதுக்கினார்கள்.

நல்ல முடிவு என்றே சொல்வேன். 1950-களின் சுவரோடு ஒப்பிட்டால் இது மணல் ஓட்டத்தைப் புரிந்துகொண்ட வேலை. கடலையும் கழியையும் சேர்த்துப் பார்த்தது. சாலை திரும்ப வந்ததும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போக வழி வந்தது. முப்பது ஆண்டு முன்பே செய்திருந்தால் பழைய நகரத்தில் பெரும் பகுதி இன்றும் நின்றிருக்கும்.

ஆனால் திட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று யார் தீர்மானித்தார்கள், எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? பணம் எவ்வளவு தூரத்துக்குப் போதுமோ அவ்வளவு தூரம். மணல் ஓட்டம் அந்தக் கோட்டில் நிற்காது. மேற்கே ஒரு வளைவு மணலைப் பிடித்து வைத்தால் கிழக்கே போக வேண்டிய மணல் குறையும். ஆற்றிலிருந்து புது மணல் தாராளமாக வந்தால் அந்தக் குறை தெரியாது. அணையால் அதுவும் இல்லை. கடைசித் தூண்டில் வளைவுக்கு அப்பால் இருக்கும் ஊர் என்ன ஆகும் என்பது தெரிந்த கணக்குதான்.

## பிறகு நடந்தது

கேட்டா கரை அகன்றது. நகரம் நின்றது. அதைச் சின்ன விஷயமாகச் சொல்லக் கூடாது.

கிழக்கே பிளேகுசு, அகாவெஜி, சலகோபே, அடினா வழியாக அஃப்லாவ் வரை உள்ள கரையில் வீடுகள் தொடர்ந்து விழுந்தன. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கரைவலை இழுப்பவர்கள், கருவாடு போடும் பெண்கள், சின்ன உப்பளக்காரர்கள். பிளேகுசுவுக்கு ஒரு தடுப்புத் திட்டம் வந்தது. முதல் கட்டம் முடிந்து அந்த ஊருக்கு மூச்சு கிடைத்தது. அடுத்த கட்டம் இழுத்துக்கொண்டே போனது. அதன் கிழக்கு முனைக்கு அப்பால் மறுபடியும் அதே கணக்கு. ஒரு சாண் போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே வருவது போல் ஒவ்வொரு கட்டமும் இழப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டது.

மேற்கே, வோல்டா முகத்துவாரத்தை ஒட்டிய ஃபுவெமே கிராமம் பெரும் பகுதியை இழந்தது. அதற்குக் கேட்டாவின் தூண்டில் வளைவுகள் காரணமில்லை, அது மணல் ஓட்டத்தின் மேல்பக்கம் இருக்கிறது. ஆற்று மணல் குறைந்தது, முகத்துவாரம் இடம் மாறியது, கடல் மட்டம் உயர்ந்தது ஆகியவை சேர்ந்து செய்த வேலை. எல்லாவற்றையும் ஒரே திட்டத்தின் தலையில் போடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

2021 நவம்பர் 7 அன்று பேரலைகள் கேட்டா, அன்லோகா, தெற்குக் கேட்டு (Ketu South) ஆகிய மூன்று நிர்வாகப் பகுதிகளிலும் புகுந்தன. 3,000 பேருக்கு மேல் வீடு விட்டு வெளியேறினார்கள். பள்ளிக்கூடங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். 2023 செப்டம்பரில் அகோசோம்போ அணையில் தண்ணீர் நிரம்பித் திறந்துவிட்டபோது கீழ் வோல்டா ஊர்கள் மூழ்கின. 25,000 பேருக்கு மேல் இடம் பெயர்ந்தார்கள். அறுபது ஆண்டாக வருடாந்திர வெள்ளமே வராததால் ஆற்றங்கரை வரை வீடு கட்டியிருந்தார்கள். அணை கட்டியபோது கணக்கில் எடுக்காத கீழ்ப்பக்க மக்கள்தான் இதிலும் பட்டார்கள்.

வாழ்வின் நான்கு கால்களும் தளர்ந்தன. கரைவலை இழுக்க நீளமான திறந்த கரை வேண்டும். கல் குறுக்கே வந்தால் வலை கிழியும். இழுக்கும் வரிசைக்கு இடம் இருக்காது. கடலில் வெளிநாட்டு டிராலர்களின் பிடிப்பும், கண் சிறுத்த வலைகளும், விளக்கு வைத்துப் பிடிப்பதும் சேர்ந்து மீனைக் குறைத்தன. 2019-ல் கானா சிறு படகுகளுக்கும் மீன்பிடித் தடைக்காலம் கொண்டுவந்தது. வெங்காயப் பாத்திகளில் கையால் மொண்ட தண்ணீரை மின் மோட்டார் இறைக்கத் தொடங்கியதும் நல்ல தண்ணீர்ப் படலம் மெலிந்து உப்பு மேலே வரும் அச்சம் வந்தது. கழியில் உப்பு எடுக்கும் உரிமை தனியார் கைக்குப் போன இடங்களில் ஊராருக்கும் நிறுவனத்துக்கும் மோதல்கள் நடந்தன. 1992-லேயே கேட்டா உப்பங்கழி, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தப்படி ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டிருந்தும் இதெல்லாம் நின்றுவிடவில்லை.

ஊராரே செய்யும் ஒரு தீங்கையும் மறைக்க முடியாது. கடலோர மணலை வீடு கட்ட அள்ளுகிறார்கள். கடலில் வீட்டை இழந்தவர் அடுத்த வீட்டுக்கான கல்லை அறுக்க அதே கரையிலிருந்து மணல் எடுக்கிறார். தடை இருக்கிறது, நடக்கிறது. பக்கத்தில் வேறு மணல் மலிவாகக் கிடைக்காத வரை அது நிற்காது. காவலரை அனுப்புவதைவிட, உள்நாட்டிலிருந்து மணல் கொண்டுவரும் லாரிச் செலவை அரசு ஏற்பது பலன் தரும் என்பது என் எண்ணம்.

## எதை மாற்றிச் செய்ய வேண்டும்

முதலாவது, திட்டத்தின் அளவுகோல். ஊரை வைத்து எல்லை போடக் கூடாது. வோல்டா முகத்துவாரத்திலிருந்து மணல் எங்கே வரை போகிறதோ அதுவரை ஒரே கணக்காக எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு அஃப்லாவ் எல்லையில் முடியாது. 1960-களில் லோமே துறைமுகம் கட்டிய பிறகு அதற்குக் கிழக்கே டோகோவின் கரையும் இப்படித்தான் அறுந்தது. எல்லைக்கு இரு பக்கமும் எவே மக்கள்தான் வாழ்கிறார்கள், ஒரே குடும்பங்கள்கூட. மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளுக்கென உலக வங்கி நடத்தும் திட்டத்தில் கானா 2022-ல் சேர்ந்தது. கேட்டா உப்பங்கழிப் பகுதியும் அதில் வருகிறது. பல நாடுகளை ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

இரண்டாவது, தூண்டில் வளைவு போடும் எவரும் கிழக்கே குறையும் மணலுக்குப் பொறுப்பேற்க வேண்டும். கடைசி வளைவுக்கு அப்பால் ஒவ்வொரு சில ஆண்டும் மணல் கொட்டும் செலவைக் கட்டுமானச் செலவோடு சேர்த்தே எழுத வேண்டும். அது எழுதப்படாததால்தான் திட்டம் மலிவாகத் தெரிந்தது. மிச்சத்தைப் பிளேகுசுக்காரர்களும் அகாவெஜிக்காரர்களும் வீடாகக் கொடுத்தார்கள்.

மூன்றாவது, அணையில் தண்ணீர் திறக்கும் முறை. மின்சாரத் தேவையை மட்டும் பார்த்துத் திறப்பதை மாற்றி, மழைக்காலத்தில் அளவான வெள்ளம் விடலாம் என்று நீண்ட நாளாகவே பேசப்படுகிறது. அதனால் கடலுக்கு மணல் வந்துவிடாது. ஏரியில் படிந்தது படிந்ததுதான். ஆனால் மட்டியும் வண்டல் பயிரும் ஓரளவு மீளலாம், ஆற்றங்கரையில் எங்கே வீடு கட்டக் கூடாது என்பதும் எல்லோருக்கும் நினைவில் இருக்கும்.

நான்காவது, இடம் மாறுவது. சில கிராமங்களைக் கல் போட்டுக் காக்க முடியாது. ஃபுவெமே அதற்குச் சாட்சி. அவர்களுக்கு மனை கொடுத்தால் மட்டும் போதாது, படகு இறக்கக் கரையும் கருவாடு காயப்போட இடமும் சேர்ந்து வேண்டும். கரையிலிருந்து தள்ளிக் கொடுத்த மனையை விட்டுவிட்டு மீனவக் குடும்பம் மறுபடியும் அலையோரத்துக்கு வந்தால் அது பிடிவாதம் இல்லை, அங்கேதான் வேலை. பெண்களைக் கேட்காமல் போடும் குடியமர்வு வரைபடத்தில் மீன் புகை போடும் அடுப்புக்கு இடம் இருப்பதில்லை. பணம் ஒதுக்கும் முன் கரைவலைக் கம்பெனிகளையும் சந்தைப் பெண்களையும் உட்கார வைத்து, எந்தக் கரையில் வலை இறக்குகிறார்கள், எந்தப் பருவத்தில், எங்கே கல் வந்தால் தொழில் நிற்கும் என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அகாவெஜியிலிருந்து அஃப்லாவ் வரை அடுத்த கட்ட வேலை தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் அதைச் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.